ஓட விடலாமா, உட்கார வைக்கலாமா?

குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் பற்றிப் பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் உள்ள வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் எட்டுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாத மூட்டழற்சிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ்'. சீட்டில் 'ஜே.ஐ.ஏ.' என்று எழுதியிருக்கும். பதில்களைக் குழந்தை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. இரண்டு மாதமாக இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். பத்து மணிக்கு மேல் மற்ற பிள்ளைகளோடு ஓடுகிறாள். வலிக்குதா என்றால் இல்லை என்கிறாள். சுளுக்கு என்று மூன்று தடவை எண்ணெய் போட்டு உருவி விட்டோம். வளர்கிற வலி, தானாகப் போய்விடும் என்கிறார் மாமியார். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ். அப்படியானால் மூட்டுவாதம் இல்லைதானே?
— ஒரு அம்மா, தங்கச்சிமடம்

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூட்டுவாதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் அம்மா. ஆர்.ஏ. ஃபாக்டரை நம்பி ஏமாறாதீர்கள். மூட்டுவாதம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது நெகட்டிவாகத்தான் வரும். ஓரிரு மூட்டில் மட்டும் வருகிற வகையில், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் கூடச் சரியாக இருக்கலாம். மருத்துவர் முழங்காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டிய நோய் இது.

வளர்கிற வலி எப்படி இருக்கும் என்றால், ராத்திரி வரும், இரண்டு காலிலும் வரும், கெண்டைச்சதையிலோ தொடையிலோ இருக்கும். விடிந்தால் பிள்ளை சாதாரணமாக நடக்கும். வீக்கம் இருக்காது, நொண்டல் இருக்காது. உங்கள் மகளுக்கு எல்லாமே தலைகீழாக இருக்கிறது. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு காலையில் விறைத்துப்போய், நடமாட நடமாட இளகுகிறது. மூட்டழற்சியின் அடையாளமே இதுதான். வலி இல்லை என்று அவள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பிள்ளைகள் வலியை வாயால் சொல்வதைவிட நடத்தையில்தான் காட்டும். படி இறங்கத் தூக்கச் சொல்லும், சம்மணம் போட்டு உட்காராது, காலையில் காரணமில்லாமல் சிணுங்கும்.

வீட்டிலேயே இரண்டு விஷயம் பாருங்கள். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலையும் நீட்டச் சொல்லுங்கள். வலது முழங்காலின் பின்பக்கம் பாயைத் தொட்டு, இடது காலுக்கு அடியில் மட்டும் உங்கள் விரல்கள் தாராளமாக நுழைந்தால், அந்த மூட்டு முழுசாக நீளவில்லை என்று அர்த்தம். பிறகு தையல் டேப்பால், முழங்கால் சில்லுக்கு 10 செ.மீ. மேலே இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீக்கமுள்ள காலின் தொடைச்சதை சில வாரத்திலேயே சூம்பத் தொடங்கும். இன்னொன்றும் நடக்கும். அழற்சியால் அந்த முழங்காலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால், அங்குள்ள வளர்ச்சித்தட்டு வேகமாக வளர்ந்து, நோயுள்ள கால் மற்றதைவிட நீளமாகிவிடும். ஒரு செ.மீ. வித்தியாசம் வந்தாலே இடுப்பு சாயும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் வருகிற நஷ்டம் இது.

உருவி விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அழற்சியுள்ள மூட்டை அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும்.

மருத்துவர் வேறு சிலவற்றையும் விலக்கிப் பார்ப்பார். ஒரே முழங்கால் வாரக்கணக்கில் வீங்கியிருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மான்டூ ஊசி, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் மூட்டு நீர் பரிசோதனை. ஊரில் சிக்குன்குனியா இருந்தால் அதையும் கேட்பார். தொண்டைப்புண்ணுக்குப் பின் வருகிற ருமாட்டிக் காய்ச்சலில் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், ஒரே இடத்தில் இரண்டு மாதம் உட்காராது. ரத்தப் புற்றுநோயும் சில குழந்தைகளுக்கு மூட்டு வலியாகத்தான் தலைகாட்டும். வீக்கம் கொஞ்சம், வலி ரொம்ப, ராத்திரி எழுந்து அழுகை, முகம் வெளிறுதல் என்று இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அதனால்தான் என்ன நோய் என்று தெரியும் முன் ஸ்டீராய்டு மாத்திரையோ, பெயரில்லாத 'வாதப் பொடி'யோ கொடுக்கக் கூடாது என்கிறோம். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் வடிந்து, உண்மையான நோய் மறைந்துகொள்ளும்.

காய்ச்சலோடு மூட்டு கொதித்து, காலைத் தரையில் ஊன்றவே முடியாமல் போனால் கதை வேறு. அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கடைசியாக, பலர் விட்டுவிடுவது கண். ஓரிரு மூட்டில் வருகிற இந்த வகை மூட்டுவாதத்தில் கண்ணுக்குள் யுவியைட்டிஸ் என்ற அழற்சி வரலாம். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. பார்வை போன பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது, ஸ்லிட் லாம்ப் கருவியில்தான் தெரியும். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்து, ஆறு வயதுக்குள் தொடங்கிய நோய் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும். முழங்கால் சரியான பிறகும் அந்த வரிசையை விடக் கூடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கென்றே யுவியா பிரிவு இருக்கிறது. மூட்டுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் ருமட்டாலஜி பிரிவுக்குப் போகலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே முழங்கால் என்றால் பெரும்பாலும் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் போடுவது வழக்கம். பல குழந்தைகளுக்கு ஒரு ஊசியிலேயே மாதக்கணக்கில் வீக்கம் அடங்கிவிடும். ஊசி போட்ட அன்று ஓய்வு போதும். பிறகு காலை நீட்டும் பயிற்சி தொடங்க வேண்டும்.

நான் விசைப்படகில் போகிறேன். மகனுக்கு வயது 11. எட்டு மூட்டில் வாதம் வந்து, மெத்தோட்ரெக்சேட் கொடுத்து, இப்போது ஆறு மாதமாக வீக்கமே இல்லை. ரத்தமும் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் அவனை மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் செல்போன்தான். தெருவைக் கடந்து கடைக்குப் போனாலே மூச்சு வாங்குகிறது என்கிறான். விளையாட விட்டால் திரும்ப வந்துவிடுமோ என்று அவன் அம்மாவுக்குப் பயம்.
— விசைப்படகுத் தொழிலாளி, மண்டபம்

எங்களுக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான். விளையாடுவதால் மூட்டுவாதம் திரும்ப வராது. நோய் அடங்கியிருக்கிற குழந்தையை உட்கார வைப்பதால் மூட்டுக்கு ஒரு நன்மையும் கிடையாது.

ஒரு காலத்தில் மருத்துவர்களே படுக்கையில் கிடத்தினார்கள். அதில் மூட்டுகள் மடங்கியபடியே இறுகிப்போயின. இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. இருந்தாலும் அந்தப் பழைய அறிவுரை வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உங்கள் மகனுக்கு மூச்சு வாங்குவது பழக்கம் விட்டுப்போன உடம்பின் இளைப்பாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆனாலும், எதிர்ப்பாற்றலைக் குறைத்து அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் அபூர்வமாக நுரையீரலைத் தொடும். வறட்டு இருமலோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும், பயிற்சி தொடங்கும் முன் ஒரு தடவை ஹீமோகுளோபினையும் நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூட்டு வீங்கியிருந்த மாதங்களில் சுற்றியுள்ள சதை மெலிந்திருக்கும். வீக்கம் வடிந்தாலும் சதை தானாகத் திரும்பாது. நடை, ஓட்டம் இல்லாததால் இதயமும் நுரையீரலும் குறைந்த வேலைக்குப் பழகிவிட்டன. எலும்பு பலமாவதே குதித்து, மிதித்து, பாரம் தாங்கும்போதுதான். பத்து வயதிலிருந்து பதினாறு வரை சேர்க்க வேண்டிய எலும்புச் சத்தை மரத்தடியில் உட்கார்ந்து சேர்க்க முடியாது. ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளையாக இருந்தால் இது இரட்டிப்புக் கவலை. சோர்வு, தூக்கக் கெடுதல், எரிச்சல், நண்பர்கள் கூப்பிடாமல் போவது எல்லாம் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். ரத்தச் சீட்டில் இவை எதுவும் தெரியாது.

5 வயது முதல் 17 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு கொஞ்சம் வேகமாகும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகனும் அங்கேதான் போய்ச்சேர வேண்டும். முதல் நாளே அல்ல. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நீங்கள் கரையில் இருப்பீர்கள். பள்ளி விடுமுறையும் அதில் வந்துவிடும். அந்த நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிட நடை. வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு வேளையிலும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். எங்கே நடப்பது என்பதில் கவனம் வேண்டும். கரையின் மேல்பக்கத்துப் பொதிமணலில் கணுக்கால் புதைந்து திருகும். நீரோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் அது கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரே திசையில் நடந்தால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். போன தூரம் திரும்பி வாருங்கள். குதிகாலைப் பிடிக்கிற பட்டை வைத்த செருப்போ ஷூவோ நல்லது. ரப்பர் செருப்பில் வேகமாக நடந்தால் விரல்களால் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கும், பாதம் வலிக்கும்.

நடையோடு சதைக்குத் தனி வேலை கொடுங்கள். சுருட்டிய துண்டைக் கணுக்காலுக்கு அடியில் வைத்து, முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்துத் தடவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்துத் தடவை. ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது, இரண்டு காலுக்கும். தினமும் கால் மணி நேரம் குப்புறப் படுத்து எதையாவது படிக்கட்டும். இடுப்பு மூட்டு மடங்கி இறுகாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அப்போதைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு அந்த மடக்கிலேயே நின்றுவிடும்.

அளவு தெரிந்துகொள்ள 'இரண்டு மணி நேரக் கணக்கு' ஒன்று இருக்கிறது. விளையாடி முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும், தொடங்கும் முன் இருந்ததைவிட மூட்டு வலி கூடுதலாக இருந்தால் அன்றைய அளவு அதிகம். அடுத்த நாள் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. தொடைச்சதையும் கெண்டைச்சதையும் ஒரு நாள் கடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிதாக ஓடுகிற எந்தப் பிள்ளைக்கும் அது உண்டு.

கடலில் நீந்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. மண்டபத்துப் பையன் கேட்காமல் இருக்க மாட்டான். தாராளமாக நீந்தலாம். இடுப்பளவு தண்ணீரில் உடம்பு எடை பாதியாகத்தான் தெரியும், மூட்டுக்குப் பாரமில்லாமல் சதைக்கு முழு வேலை கிடைக்கும். பெண்கடல் (வடக்கே உள்ள பாக் விரிகுடா) பக்கம், அலையில்லாத நேரத்தில், கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் அந்தப் பக்கமும் வேண்டாம். பாறையும் கடல் முள்ளெலியும் உள்ள இடத்தில் ரப்பர் ஷூ போடட்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற பிள்ளைக்குக் காலில் குத்துக்காயம் பட்டால் சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும்.

சைக்கிளும் நல்லது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கிற உயரத்துக்கு இருக்கையைத் தூக்குங்கள். தாழ்ந்த இருக்கையில் மிதித்தால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி வரும். கால்பந்து, கிரிக்கெட், கைப்பந்து எல்லாம் மூன்றாம் மாதத்திலிருந்து படிப்படியாக விளையாடலாம். கபடிக்கு மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். கழுத்து எலும்பில் நோய் இருந்த குழந்தைக்கு மோதலும் குட்டிக்கரணமும் ஆபத்து.

வீக்கம் திரும்பிய நாளில் அந்த மூட்டுக்கு மட்டும் ஓய்வு. முழங்கால் வீங்கினால் கைக்குப் பயிற்சி கொடுக்கலாம். வீங்கிய மூட்டையும் நாளுக்கு இரண்டு தடவை, வலிக்காத அளவுக்கு முழுசாக மடக்கி நீட்ட வேண்டும். பள்ளிக்கு மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். அதில் 'விளையாட்டு கூடாது' என்று எழுதாமல், 'எல்லா விளையாட்டிலும் சேரலாம், வலித்தால் தானாக நிறுத்த அனுமதிக்கவும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவன் அம்மாவிடமும் அதையே காட்டுங்கள்.

நண்டு, கணவாய், கருவாடு, கத்தரிக்காய், புளி எல்லாம் வாதம் என்று நிறுத்திவிட்டோம். பிள்ளை சோற்றைத் தொடுவதே இல்லை. சரிதானா?
— ஒரு பாட்டி, தேவிபட்டினம்

எல்லாவற்றையும் கொடுங்கள் ஆத்தா. இவற்றால் இந்த நோய் வருவதும் இல்லை, கூடுவதும் இல்லை. நோயும் மருந்தும் ஏற்கெனவே பசியைக் குறைக்கும், பத்தியம் சேர்ந்தால் எடை இறங்கி வளர்ச்சி நின்றுவிடும். முள்ளோடு தின்னும் நெத்திலி, சாளை, கேழ்வரகு, பால், முட்டை, முருங்கைக்கீரை எலும்புக்கு நல்லது. ஸ்டீராய்டு சாப்பிடுகிற காலத்தில் மட்டும் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ளுங்கள். காரணம் வாதம் இல்லை, உப்பு. ஸ்டீராய்டை எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு மணிக்கட்டும் விரல்களும் வாதத்தில் இருக்கின்றன. அரைப் பக்கம் எழுதினால் கை நின்றுவிடுகிறது. தலை பின்ன முடியவில்லை, தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை. தொழுகையில் சுஜூது (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) செய்யும்போது கை ஊன்ற வலிக்கிறது. வியாழக்கிழமை இரவு மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டால் வெள்ளி முழுக்கக் குமட்டல், பள்ளிக்கூடம் போவதில்லை. பொதுத்தேர்வு எழுத முடியுமா?
— ஒரு உம்மா, கீழக்கரை

முதலில் மாத்திரையைப் பார்ப்போம் சகோதரி. வாரம் ஒரு நாள் என்பது மட்டும் மாறக் கூடாது, எந்த நாள் என்பதை மாற்றலாம். சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பின், தூங்கப்போகும் முன் என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டால் குமட்டல் ஞாயிறோடு போய்விடும். ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அது குமட்டலைக் குறைக்கும். அந்த மஞ்சள் மாத்திரையைக் கண்டாலே குமட்டுகிற நிலை வந்துவிட்டால், தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டு, மாத்திரையைப் பெரியவர் கையால் கொடுங்கள். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண், ரத்த அணுக்குறைவு என்று உயிருக்கே ஆபத்தாகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்த அணு, ஈரல், சிறுநீரகப் பரிசோதனை அவசியம். நோன்புக் காலத்தில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடவே கூடாது. உடம்பில் தண்ணீர் வற்றினால் இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தொடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எழுத்துக்கு வருவோம். மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடிப்பதுதான் விரல் மூட்டுக்கு எதிரி. பேனாவில் சைக்கிள் ட்யூப் துண்டையோ ஸ்பாஞ்சையோ சுற்றிப் பெருவிரல் கனத்துக்குக் கொண்டு வாருங்கள். அழுத்தாமல் மை இறங்குகிற ஜெல் பேனா வாங்குங்கள். காலையில் எழுதும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து விரல்களை மடக்கி விரிக்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பேனாவைக் கீழே வைக்க வேண்டும். மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கியே இருந்தால் எழுதும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பட்டையைப் பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத் தருவார். நாள் முழுக்கப் போட்டால் மணிக்கட்டு விறைத்துவிடும்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதைக் கேட்டு எழுதுபவரும் கேட்கலாம். மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். காலாண்டு முடிந்ததுமே தொடங்குங்கள், பிப்ரவரியில் ஓடினால் கிடைக்காது. எழுதுபவர் வேண்டும் என்றால் அவரோடு நான்கைந்து மாதிரித் தேர்வாவது எழுதிப் பார்க்க வேண்டும். கணக்கை வாயால் சொல்லி எழுத வைப்பது பழகினால்தான் வரும். மூட்டுவாதம் என்ற பெயரில் மாற்றுத்திறனாளி சான்று கிடைக்காது. கை கால் இயக்கத்தில் நிலையான குறை இருந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இயக்கக் குறைபாடாக அளந்து தருவார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

குடம். பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் சுமார் 15 கிலோ. அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கும்போது அத்தனை எடையும் விரல் முட்டிகளில் தொங்கும். அவள் தூக்க வேண்டாம், ஆனால் ஒதுக்கியும் வைக்க வேண்டாம். தண்ணீர்த் தள்ளுவண்டியை இரண்டு உள்ளங்கையாலும் தள்ளலாம், கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். வீட்டில் பாதிக் குடத்தை முழங்கையில் அணைத்து எடுக்கலாம். தலை பின்ன நீளக் கைப்பிடிச் சீப்பு, குழாய்க்கு நீளமான நெம்புகோல் திருகு. சின்னச் சின்ன விஷயம்தான், ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன் வேலையைத் தானே செய்வது பெரிசு. உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, பிடிப்பது, வெளிவேலை என்று எட்டு வகையில் குழந்தைகளிடம் கேள்வி கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் ஒரு படிவம் ருமட்டாலஜி பிரிவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். வீக்கம் குறைந்தும் அந்த எண் குறையவில்லை என்றால் பிசியோதெரபி போதவில்லை.

கை ஊன்ற முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்தே தொழலாம். ஊன்றியே ஆக வேண்டும் என்று அவள் விரும்பினால், மணிக்கட்டைப் பின்னால் மடக்காமல் கையை முஷ்டியாக வைத்து ஊன்றிப் பார்க்கட்டும்.

பேத்திக்கு மதுரையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடாலிமுமாப் ஊசி வாங்கி வருகிறோம். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மீன் ஐஸ் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்துக் கொண்டு வரலாமா? வீட்டில் அடிக்கடி கரண்ட் போகிறது.
— ஒரு தாத்தா, தொண்டி

தெர்மாகோல் பெட்டி சரி, ஐஸுக்குள் புதைப்பது தவறு ஐயா. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மீனுக்கு எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லது, இதற்கு அப்படியில்லை. ஜெல் பாக்கெட்டைப் பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் வைத்து, மேலே கெட்டியான துண்டை இரண்டு மடிப்பாக விரித்து, மருந்துப் பெட்டியை அதன்மேல் வையுங்கள். ஐஸ் மருந்தைத் தொடக் கூடாது. மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். பஸ்ஸில் இன்ஜின் மேலேயும் வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள்.

வீட்டு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருக்கட்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். 25 டிகிரிக்குள் சில நாள் வெளியே வைக்கலாம் என்று சில பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். தொண்டியில் சித்திரை மாதம் அறைக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும், அதை நம்ப வேண்டாம்.

போடும் முன் அரை மணி நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். சுடுதண்ணீரில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். தொடை, வயிறு என்று இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் ஊசி போடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மருந்து தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவன் காலைப் பிரார்த்தனைக்கு நொண்டி நொண்டி வருகிறான், மதியம் கோ-கோ ஆடுகிறான். மற்ற பிள்ளைகள் 'நடிக்கிறான்' என்று கேலி செய்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
— ஆசிரியர், உச்சிப்புளி

நடிப்பில்லை ஐயா. மேலே தங்கச்சிமடத்து அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். காலை விறைப்பும் மதிய ஓட்டமும் ஒரே நோயின் இரண்டு வேளை. காலையில் கால் மணி நேரம் தாமதமாக வந்தால் கேட்காதீர்கள், பிரார்த்தனையில் நிற்காமல் உட்காரட்டும். ஒரு பீரியடுக்கு ஒரு முறை எழுந்து நடக்க ஏதாவது வேலை கொடுங்கள், கரும்பலகை துடைப்பதாக இருந்தாலும் சரி. தரையில் சம்மணம் வேண்டாம், பெஞ்ச் வேண்டும். புத்தகப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது, இவனுக்கு இன்னும் குறைவாக இருந்தால் நல்லது. பாதிப் புத்தகத்தை வகுப்பு அலமாரியில் வைக்க விடுங்கள்.

முக்கியமான ஒன்று. வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால் அன்றே இவன் வீட்டுக்குச் சொல்லுங்கள். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பார்கள், நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற குழந்தைக்கு அம்மை கடுமையாக வரும். தொட்ட சில நாளுக்குள் தெரிந்தால் தடுக்க வழி இருக்கிறது.

எனக்கு 15 வயது. வாலிபால் ஆடுகிறேன். நான்கு மாதமாகக் காலையில் குதிகால் ஊன்ற முடியவில்லை, அடிமுதுகும் பிடித்துக்கொள்கிறது. ஆடினால் சரியாகிவிடுகிறது. போன மாதம் வலது கண் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசியது. ஷூ சரியில்லை என்கிறார் கோச்.
— மாணவர், மூக்கையூர்

ஷூவை மாற்று தம்பி, ஆனால் அதோடு விடாதே. உன் வயதுப் பையன்களுக்கு, தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் அழற்சி வருகிற ஒரு வகை மூட்டுவாதம் உண்டு. குதிகால், முழங்கால், அடிமுதுகு என்று காட்டும். ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். விளையாட்டுக் காயம் இதற்கு நேர்மாறு, ஆட ஆடக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். இந்த வகையில் கண் சத்தம் போடாமல் இருக்காது. சிவக்கும், வலிக்கும், கூசும். மறுபடி அப்படி வந்தால் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாமல், அன்றோ மறுநாளோ கண் மருத்துவரைப் பார். மூட்டு மருத்துவர் எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனையும் அடிமுதுகும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுக்கு எம்.ஆர்.ஐ.யும் எழுதலாம். ஆட்டத்தை விடாதே. குதிகாலில் வலி உள்ள வாரங்களில் ஸ்மாஷுக்குத் தாவுவதைக் குறைத்து, மென்மையான குதிகால் மெத்தை வைத்துக்கொள். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன் பாதத்தை உன் பக்கம் இழுத்து 20 எண்ணும் வரை பிடி, மூன்று தடவை.

உறவினர்களோடு ராமேசுவரம் கோயிலுக்கு வருகிறோம். பத்து வயது மகளுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம், இப்போது அடங்கியிருக்கிறது. 22 தீர்த்தமும் ஆடினால் குளிர் ஏறி மூட்டு வீங்குமா?
— வாசகி, சாயல்குடி

குளிர்ந்த தண்ணீரால் இந்த நோய் வராது, தூண்டவும் படாது. கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கும், ஈரத்துணியை மாற்றிச் சற்று நடந்தால் போய்விடும். எங்களுக்குக் கவலை பிராகாரத்தின் ஈரக்கல்தான். கூட்டம் தள்ள, வெறுங்காலில், நனைந்த கல் தளத்தில் கிணறு கிணறாக ஓடும்போது வழுக்கி முழங்காலைத் திருகிக்கொள்பவர்கள் உண்டு. விறைப்பு இருக்கும் விடிகாலையில் வேண்டாம், எட்டு ஒன்பது மணிக்கு மேல் போங்கள். பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் கட்டிவிட்டு, ஒருவர் கையைப் பிடித்தபடி நடக்கட்டும். வாளித் தண்ணீர் தலையில் விழும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.